நடுகல்லும் நாமும்

(இலக்கியக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நம் மேடைகளில் மிக எளிதாக வழங்கும் சொற்களுள் 'வீரம்' என்பதும் ஒன்று. வீரத் தமிழன் என்கிறோம். வீரத் தாய் என்கிறோம். வீர வரலாறு என்கிறோம். கைதட்டல் எழுகின்றது, கூட்டம் கலைகின்றது. அச்சொல்லின் பொருள் யாது என்று நின்று கேட்பார் அரியர். எவரை நாம் வீரர் என்கிறோம்? அவ்வாறு எண்ணும்படி நமக்குக் கற்பித்தவர் யாவர்? வீரர் என்று அழைக்கப்பெறாமலே மறைந்தவர் யாவர்? இம்மூன்று வினாக்களையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

இது புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சி என்று எவரும் கருத வேண்டா. ஒரு சமுதாயம் எதனை வீரம் என்று போற்றுகின்றதோ அதனையே அதன் பிள்ளைகள் செய்ய முற்படுவர். ஆகவே வீரத்துக்கு இலக்கணம் வகுப்பவன், பிள்ளைகள் வாழும் வகையையும் மாளும் வகையையும் சேர்த்தே வகுத்து விடுகின்றான். இந்நாட்டில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஊர் கூடி ஆக்கிய வீரன்

தமிழில் வீரத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினும் புறப்பாட்டில் வந்து நிற்கும். தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக வகுத்தார். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்ட வெட்சி எதனைப் பற்றியது? ஆநிரை கவர்தலைப் பற்றியது. இன்று அயலூரான் மாட்டை இரவோடிரவாக ஒருவன் ஓட்டிச் சென்றால் பொலிசார் வருவர். அன்று பாணன் வந்தான். செயல் ஒன்றே, அதற்கு இட்ட பெயர்தான் வேறு. மாடே செல்வமாக இருந்த காலத்தில், மாட்டைக் கொண்டு வந்தவனும் அதனை மீட்கப் போய் மாண்டவனும் ஊருக்கு வாழ்வளித்தவர்களாக எண்ணப்பட்டனர். சமுதாயத்தின் வயிறு எதனை வேண்டியதோ, அதனை அதன் வாய் பாடியது.

2006 ஆம் ஆண்டில், தமிழகத்தின் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் மடிந்த ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. முடியும் கொடியும் அவனுக்கு இருந்ததாக அக்கல் கூறவில்லை. மாட்டுக்காக மாண்டவன், அவ்வளவே. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லோ இன்னும் வியப்புக்குரியது. நிரைகாத்து மடிந்தவனோடு அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்நாயின் பெயரும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. நன்றியுள்ள நாய்க்கும் கல்லில் இடமளித்த சமுதாயம் நம்முடையது. அதன் பெருந்தன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும், அம்மாடுகளைப் பால் கறந்து பேணிய பெண்ணுக்கும், அம்மாட்டைப் பூட்டி உழுதவனுக்கும் கல் எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இனி, அக்கல் எவ்வாறு எழுந்தது என்பதைப் பாருங்கள். தொல்காப்பியர் நடுகல்லுக்கு ஆறு நிலைகளைக் கூறுகின்றார். தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொள்வது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. நாட்டுவது நடுதல். படையலும் சிறப்பும் செய்வது பெரும்படை. இறுதியாக வாழ்த்து. களத்தில் ஒருவன் வீழ்ந்தது ஒரு நொடியில் முடிந்தது. அவனை வீரனாக்குதற்கு அதன்பின் ஆறு செயல்கள் வேண்டியிருந்தன. அவ்வாறினையும் செய்தோர் உயிரோடிருந்தவர்களே. கல்லைத் தேர்ந்தவனும், செதுக்கியவனும், படையலிட்டவனும், பாடியவனும் ஒன்றுகூடி எழுப்பிய ஒரு கட்டடமே வீரன் என்பவன்.

பொன்முடியார் பாடிய புறப்பாட்டொன்று இதனை ஒரு கணக்கேடு போலவே எடுத்துக் காட்டுகின்றது. பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தாயின் கடமை. சான்றோனாக்குவது தந்தையின் கடமை. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமை. நல்லொழுக்கம் நல்குவது வேந்தனின் கடமை. யானையை வீழ்த்தி மீள்வது மகனின் கடமை. இப்பாட்டைத் தாயின் மறம் என்று மேடைதோறும் பாராட்டுகின்றோம். பாராட்டுக, தவறில்லை. அதே வேளை, ஒரு வீரனை உருவாக்க வீடும் உலைக்களமும் அரண்மனையும் எவ்வாறு வேலையைப் பங்கிட்டுக் கொண்டன என்பதையும் அதில் காண்க. அப்பட்டியலில் உழவனுக்கு இடமில்லை. மகனின் விருப்பம் யாதென்று கேட்டவரும் இல்லை.

பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து, 1968 இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்ட தமது ஆங்கில நூலில், இப்பாடல்களைக் கிரேக்கர் முதலிய பிற மக்களின் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு நோக்கினார். தமிழனுக்கு மட்டுமே உரிய பிறவிக் குணம் என்று நாம் கருதியிருந்த வீரம், குறிப்பிட்டதொரு சமுதாய நிலையில் பல நாட்டு மக்களிடையிலும் தோன்றிய ஒழுகலாறு என்பது அதனால் தெளிவாயிற்று. பாணன் பாடினான், தலைவன் கள்ளும் சோறும் பொன்னும் வழங்கினான். பாணனின் பசியைப் பாடும் பாடல்களும் அதே தொகையில் உள்ளன. பசித்தவன் பாடிய புகழில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வயிற்றுப்பாடு என்று பிரித்துக் காண்பது அறிஞர் கடமை.

ஆயினும் அப்பழைய உலகம் வென்றவனை மட்டுமே பாடிற்று என்று கூறிவிடுதல் அநீதியாகும். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான்; தோற்ற சேரன் முதுகிற் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, நாணி வடக்கிருந்த அவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று வினவினார். குயத்தி என்பதனால் மட்பாண்டம் வனையும் குடியைச் சேர்ந்தவர் எனக் கொள்வர். அவர் பேரரசன் முன்னின்று தோற்றவனைப் புகழ்ந்தார். அந்தச் சொல்லும் வீரமே. சோழர் குடியைச் சேர்ந்த இருவர் தம்முள் பொருத நின்றபோது, தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தார் கோவூர் கிழார். வாளேந்தாத இவ்விருவரையும் வீரர் வரிசையில் வைத்து நம் பாடசாலைகளில் எப்போதேனும் கற்பித்ததுண்டா?

சிலம்பு செய்த மாற்றம்

வீரத்தின் இலக்கணம் என்றென்றும் மாறாதது என்பாருக்கு விடையாகச் சிலப்பதிகாரம் நிற்கின்றது. அந்நூலின் வஞ்சிக் காண்டத்தில் வரும் காதைகளின் பெயர்களை நினைவு கூர்வோம்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. களத்தில் மாண்ட மறவனுக்குரியனவாகத் தொல்காப்பியர் கூறிய அதே நிலைகள்! அவற்றை இளங்கோ யாருக்கு உரியனவாக்கினார்? வாளெடுத்தறியாத ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு. கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குள் நுழைந்து, உன் தீர்ப்புப் பிழை என்று மன்னனுக்கு எடுத்துக் காட்டிய கண்ணகிக்கு.

இது சிறிய மாற்றமன்று. மாட்டுக்காகவும் மன்னனுக்காகவும் மாண்டவனுக்கு நடப்பெற்ற கல், நீதிக்காக மன்னனை எதிர்த்தவளுக்கு நடப்பெற்றது. ஒரு நூலாசிரியர் பழைய சடங்கைக் கையிலெடுத்து அதன் பொருளையே மாற்றி விட்டார். எழுத்துக்கு உள்ள ஆற்றல் அத்தகையது. வீரத்தைப் படைப்பதில் இலக்கியத்துக்குப் பங்குண்டு என்றால், அதனைத் திருத்திப் படைப்பதிலும் பங்குண்டு.

ஆனால் பழைய இலக்கணம் அவ்வளவு எளிதில் விடைபெறவில்லை என்பதையும் அதே காண்டத்திற் காண்கின்றோம். கண்ணகிக்கு இமயத்தில் கல்லெடுக்கச் செங்குட்டுவன் படையெடுத்துச் செல்கின்றான். கனக விசயர் என்னும் வடநாட்டு மன்னரை வென்று அவர் தலையில் அக்கல்லை ஏற்றி வருகின்றான். நீதி கேட்ட ஒருத்தியின் நினைவுக்கு எழுந்த கல், தோற்றவர் தலையிற் சுமையாக வந்தது. நம் மேடைப் பேச்சாளர் பெரிதும் எடுத்துப் பேசுவது கண்ணகியின் வழக்குரையையா, கனக விசயர் சுமந்த கல்லையா? உங்கள் நினைவைக் கேட்டுப் பாருங்கள்.

அக்கல்லின் கதை இலங்கைக்கும் உரியது. கண்ணகிக்கு விழாவெடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. இன்றும் முல்லைத்தீவு வற்றாப்பளையிலும், மட்டக்களப்புப் பகுதியின் ஊர்கள் பலவற்றிலும் அவள் கண்ணகை அம்மன். சிங்கள மக்களிடையே அவள் பத்தினித் தெய்வம். இரு மொழியினரும் வணங்கும் தலைவி, நீதி கேட்டவள். இதனை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரே அத்தியாயத்தில் இரண்டு முகம்

சிங்கள மக்களிடையே வீர நாயகன் எவ்வாறு உருவாக்கப்பட்டான் என்பதற்கு மகாவமிசமே சான்று. எல்லாளன் அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் நீதி வழுவாது ஆண்டான் என்று கூறும் அந்நூல், அவன் ஆட்சிக்கு ஒதுக்கியது 21 ஆம் அத்தியாயத்தின் ஒரு பகுதியையே. துட்டகைமுனுவுக்கோ 22 முதல் 32 வரை பதினோர் அத்தியாயங்கள். ஏட்டில் கிடைத்த இடத்தைக் கொண்டே எவன் நாயகன் என்பது முடிவாகி விடுகின்றது.

அந்நூலின் 25 ஆம் அத்தியாயத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். எல்லாளனைத் தனிப்போரில் வீழ்த்திய துட்டகைமுனு, அவனுக்கு இறுதிச் சிறப்புச் செய்து, அவ்விடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, மக்கள் அதற்கு வழிபாடு செய்யப் பணித்தான் என்று அங்கே கூறப்படுகின்றது. அதனைக் கடக்கும் மன்னர்கள் இசையை நிறுத்திச் செல்லும் வழக்கமும் அங்கே குறிக்கப்படுகின்றது. அதே அத்தியாயத்தின் இறுதியில், போரில் மாண்ட எண்ணற்றோரை நினைந்து மன்னன் வருந்த, துறவியர் அவனைத் தேற்றுகின்றனர்: மாண்டவருள் ஒன்றரை மனிதர் மட்டுமே மனிதர் என்று எண்ணத்தக்கவர், ஏனையோர் விலங்கை ஒத்தவர் என்பது அத்தேறுதல்.

பகைவனின் கல்லறை முன் இசையை நிறுத்தும் பண்பும், மாண்டவரை மனிதராகவே எண்ணாத மனமும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிற்காலத்து அரசியல்வாதிகள் அவ்விரண்டனுள் எதனை எடுத்துத் தம் மக்களுக்கு ஊட்டினர் என்பதே இந்நாட்டின் துயரக் கதை. பழைய நூல் எதுவும் தானாகக் கொலை செய்வதில்லை. அதிலிருந்து தேர்ந்தெடுப்பவனே பொறுப்பாளி. இக்கணக்கு நம் புறநானூற்றுக்கும் பொருந்தும்.

நாயகனும் துரோகியும்

அண்மைக் காலத்துக்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 ஒக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தூக்குமேடைக்கு அஞ்சாது நடந்தான் என்பதற்கு, அவனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மனின் அறிக்கையே சான்று. பகைவன் எழுத்தே புகழுரையாக அமைந்த அரிய நிகழ்ச்சி அது. அதன்பின் ஊர்ப்புறக் கதைப்பாடல் அவனைக் காத்தது. மேடை நாடகம் அவனை வளர்த்தது. 1959 இல் வெளிவந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் அவனாகவே நின்றார். நம் பாடசாலை மேடைகளிலும் அப்பட வசனம் முழங்கிற்று. ஆங்கிலேயனை நோக்கி எழுந்த அக்குரல் பலருக்கு நெஞ்சுரம் ஊட்டியது என்பதை எவரும் மறுக்கார்.

ஆயினும் நாடகத்துக்கு ஒரு நாயகன் மட்டும் போதுவதில்லை. ஒரு துரோகியும் வேண்டும். கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் சீமையில். மக்கள் நாவிலோ, துரோகத்துக்குப் பெயர் எட்டப்பன் என்று நிலைத்து விட்டது. எட்டையபுரம் பாளையக்காரர் ஆங்கிலேயரோடு நின்றது மெய்யே. ஆனால் எத்தனையோ பாளையங்கள் எடுத்த நிலைக்கு ஒரே பெயரைச் சூட்டியது கதையின் வேலை. அதே எட்டையபுரத்தில்தான் 1882 இல் பாரதி பிறந்தார். ஊரின் பெயரைக் கொண்டு மனிதனை எடை போடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் வன்னிக்கு வந்தால், பண்டாரவன்னியன் கதை இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. 1803 ஓகஸ்ட் 25 இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை வெளியேற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31 இல், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அவ்விடத்தில் ஆங்கிலேயர் ஆட்சி ஒரு கல் நாட்டியது. இன்னார் இன்னாரை இன்ன நாளில் தோற்கடித்தார் என்பதே ஆங்கிலத்தில் அதிற் பொறித்த செய்தி. அங்கே அவன் மாண்டான் என்று கல் கூறவில்லை. மாண்டான் என்று மக்கள் கதை கூறிற்று. காக்கை வன்னியன் காட்டிக் கொடுத்தான் என்றும் கதை கூறிற்று. எட்டப்பனைப் போலவே இங்கும் ஒருவன் தேவைப்பட்டான்!

இதில் வியப்பு யாதெனின், வென்றவன் தன் பெருமைக்காக நாட்டிய கல்லைத் தோற்றவனின் நினைவுக் கல்லாக மக்கள் மாற்றி விட்டனர். டிரிபேர்க்கை நினைத்து அங்கே விளக்கேற்றியவர் எவருமில்லை. ஓகஸ்ட் 25 ஐ வெற்றி நாளாகக் கொள்வோர் உண்டு. ஒக்டோபர் 31 ஐ நினைவு நாளாகக் கொள்வோரும் உண்டு. கல்லில் எழுதும் அதிகாரம் ஆள்வோரிடம் இருக்கலாம். அதனைப் படிக்கும் அதிகாரம் மக்களிடமே இருக்கின்றது. இந்த உண்மை நமக்கு ஆறுதலும் தருகின்றது, பொறுப்பும் தருகின்றது.

ஆறுதலைப் பற்றிப் பலரும் பேசுவர். பொறுப்பைப் பற்றி நாம் பேசுகின்றோம். 'துரோகி' என்ற சொல்லை நாடக மேடையிலிருந்து தெருவுக்குக் கொண்டு வந்தவர்கள் நாமே. அச்சொல் ஒருவன் மீது ஒட்டப்பட்டபின், விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை, மறுமொழிக்கு இடமும் இல்லை என்ற காலம் நம்மிடையே இருந்தது. மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல்களை நம் ஊர்கள் கண்டன. மாற்றுக் கருத்துக் கூறியவன் காக்கை வன்னியன் ஆனான். கேள்வி கேட்டவள் எட்டப்பன் வழிவந்தவள் ஆனாள். நாயகனைப் பாடிய பாட்டே இன்னொருவனுக்குத் தீர்ப்பாக முடிந்தது. வீரத்தைப் பற்றிய எண்ணம் எவ்வளவு தூரம் சென்று தீண்டக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று இல்லை.

கல் நடாதவர்கள்

அவ்வாறாயின், நம் பாட்டுக்கு வெளியே நின்ற வீரர் யாவர்? ஒருசிலரையேனும் பெயர் சொல்லி அழைப்போம்.

1940 ஜனவரி 10 ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், ஊதிய உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். கூடை சுமப்போரின் கூலிக்காகக் குண்டேற்ற அவர் எந்த ஆநிரையையும் கவரவில்லை. எந்த யானையையும் வீழ்த்தவில்லை. எட்டாண்டு கழிந்து, 1948 இல், அவரை ஒத்த இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையை இந்நாட்டுச் சட்டம் பறித்தது. வாழ்ந்தவர்க்கே இடமில்லை என்ற நாட்டில் மாண்டவர்க்குக் கல் எங்கே எழும்?

1947 ஜூன் 5 ஆம் நாள், பொது வேலை நிறுத்தத்தின்போது, கொழும்பில் ஊர்வலமாகச் சென்ற தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் மாண்டார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்ற வேலை நிறுத்தம் அது. எழுதுகோல் பிடித்த கையை வேலேந்திய கைக்கு நிகராக வைக்க நம் பாடசாலைப் புத்தகங்கள் கற்கவில்லை.

யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னும் தேநீர்க் கடைக்குள் நுழையவும் கோயில் வாயிலைத் தாண்டவும் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் தாங்கிச் சென்றது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் நாட்கணக்கில் அறவழியில் நின்றனர். அன்று கதவை அடைத்து நின்றவரும் தம்மை மரபு காத்த வீரர் என்றே எண்ணினர். அவரைப் பாராட்டியவரும் இருந்தனர். வீரம் என்ற சொல் இரு பக்கத்தாருக்கும் பணி செய்தது. எப்பக்கம் நின்றது வீரம் என்று தீர்ப்பளிக்க ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? நாம் கூறும் அளவுகோல் எளியது. எவனுடைய செயலால் மனிதருள் ஒருவரேனும் தலை நிமிர்ந்தாரோ அவன் வீரன். எவனுடைய செயல் இன்னொருவரைக் குனிய வைத்ததோ, அவன் எத்துணை அஞ்சாமை உடையவனாயினும் வீரனல்லன்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்பின், 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகம அவர்களும் நம் கண்முன் எழுவார். ஆயுதம் ஏந்திய எத்தரப்பினர் தவறு செய்யினும் அதனை எழுதி வைக்கத் துணிந்தவர். 'முறிந்த பனை' நூலை எழுதியோருள் ஒருவர். அவருடைய கையில் இருந்ததும் எழுதுகோலே. குயத்தியார் கரிகாலன் முன் சொன்னதையும் இவர் எழுதியதையும் ஒருங்கு வைத்துப் பாருங்கள். ஒருவர் பாட்டு ஏட்டில் நின்றது; ஒருவர் உயிர் தெருவிற் போயிற்று. இரண்டாயிரம் ஆண்டில் நாம் எத்திசையில் நடந்துள்ளோம்?

இரு வகைத் தாய்மார்

1983 முதல் 2009 வரை நீண்ட போரைப் பற்றிக் கூறாமல் இவ்வுரையை முடித்தல் நேர்மையாகாது. போர் முடிந்தபின் வென்ற படையினருக்கு ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. மாண்ட தமிழ்ப் போராளிகளின் துயிலுமில்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பகைவனுக்கும் நினைவுச் சின்னம் எழுப்பினான் என்று தம் நாயகனைப் புகழும் ஏடு கையிலிருக்க, இதனைச் செய்தனர். துட்டகைமுனுவின் பெயரை உச்சரித்தவர்கள் அவன் செய்த நற்செயலை மட்டும் மறந்தனர்! மாண்ட பிள்ளைக்காகத் தாய் விளக்கேற்றுவது எச்சட்டத்தாலும் தடுக்கத்தக்கதன்று. நவம்பர் 27 இல் இடிந்த கற்களைச் சேர்த்து வைத்து, அதன்முன் அழும் தாயின் உரிமைக்காக நாம் எந்த மேடையிலும் குரல் கொடுப்போம்.

அத்தாயின் கண்ணீரை மதிப்பது ஒன்று. அடுத்த தலைமுறைப் பிள்ளைக்குச் சாவையே புகழாகக் கற்பிப்பது மற்றொன்று. பாடசாலைச் சீருடையில் இருந்த பிள்ளைகளையும் அப்போர் விழுங்கியது. அவர்களுட் பலர் தாமாகச் சென்றனர்; பலர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடுவது, அவர்களின் வெவ்வேறு கதைகளை மூடி மறைப்பதாகும். மூதின் முல்லைப் பாடல்களைப் பாடி அவர்களை வழியனுப்பிய பேச்சாளருள் எத்தனை பேர் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பி வைத்தனர் என்ற வினா நம் ஊர்களில் மெல்லிய குரலில் இன்றும் கேட்கப்படுகின்றது. அதனை உரத்த குரலிற் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

புறநானூற்றில் ஒரு தாய், தன் மகன் புறமுதுகு காட்டினான் என்று பிறர் சொல்லக் கேட்டுச் சினந்து, களத்துக்குச் சென்று பிணங்களைப் புரட்டித் தேடுகின்றாள். அவன் மார்பிற் புண்பட்டுச் சிதைந்து கிடப்பதைக் கண்டு, பெற்ற நாளினும் பெரிது மகிழ்கின்றாள். அத்தாயை நாம் ஈராயிரம் ஆண்டாகப் பாடி வருகின்றோம்.

இன்னொரு தாய் இருக்கின்றாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். கையில் மகனின் படம்; வாயில் ஒரே வினா: என் பிள்ளை எங்கே? வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக அவ்வினாவைக் கேட்டு, விடை காணாமலே கண்மூடியோர் பலர். அவளுக்குப் புரட்டிப் பார்க்கப் பிணமும் இல்லை. மகன் மாண்டான் என்று மகிழும் தாயைப் பாடிய தமிழ், மகன் எங்கே என்று அரசைக் கேட்கும் தாயை எப்போது பாடப் போகின்றது? ஒற்றைச் சிலம்போடு அவைக்குட் சென்றவளின் உண்மையான வழித்தோன்றல் இவளே. இவளுக்குக் காட்சியும் கால்கோளும் செய்வார் யார்?

செய்ய வேண்டுவன

தோழர்களே, கேள்வி கேட்பதோடு நின்றுவிடலாகாது. செயலுக்குரிய மூன்றைக் கூறி அமைகின்றோம்.

ஒன்று: ஒவ்வோர் ஊரும் தன் வீரர் ஏட்டைத் தானே எழுத வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் மரத்தடியிற் பள்ளி நடத்திய ஆசிரியை, குண்டுவீச்சுக்கிடையே பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவமாது, உடைந்த குளத்துக்கு மண் சுமந்தவர், அயல் இனத்தவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்தவர் ஆகியோரின் பெயர்கள் அழியுமுன் எழுதப்பட வேண்டும். அவர்களை அறிந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர்.

இரண்டு: பாடசாலை மேடையில் கட்டபொம்மனுக்கு இடமிருக்கட்டும், அவனுக்குப் பக்கத்தில் வெண்ணிக் குயத்தியாருக்கும் முல்லோயாக் கோவிந்தனுக்கும் இடம் வேண்டும். அரசனை எதிர்த்துப் பேசியவளும், கூலி கேட்டு நின்றவனும் பேசும் வசனத்தைப் பிள்ளைகள் மனனம் செய்யட்டும். இதனை எழுத வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் எழுத்தாளர்களே.

மூன்று: துரோகி என்ற சொல்லைத் தண்டனையாக வழங்கும் வழக்கத்தை நாம் ஒழிக்க வேண்டும். கருத்து மாறுபட்டவனோடு வாதிடுவோம், வாதத்தில் தோற்கடிப்போம், அல்லது தோற்போம். தோற்றவனைப் புகழ்ந்த மொழி நம்முடையது என்பதை நினைவில் வைப்போம்.

கல்லுக்குத் தன்னிச்சை இல்லை. நட்டவன் எழுதியதை அது சுமக்கின்றது. படிப்பவன் கொள்ளும் பொருளில் அது வாழ்கின்றது. இனி இம்மண்ணில் ஒரு கல் எழுமாயின், அதில் எந்தப் பெயர் வேண்டும், எச்செயலுக்காக வேண்டும் என்பதை மேடையில் நிற்பவர் மட்டும் தீர்மானிக்க விடாது, உலைக்களத்துக் கொல்லனும் வயலில் நிற்பவனும் தெருவோரத்தில் படத்தோடு அமர்ந்திருக்கும் தாயும் கூடித் தீர்மானிப்பார்களாக.